இரண்டு பெடல் கார்

“வண்டியை உள்ளது உள்ளபடி கொடுக்கிறோம். எஞ்சின் ஓடும். கியர் பெட்டி போய்விட்டது. இதன் பிறகு எங்களுக்கும் வண்டிக்கும் சம்பந்தம் இல்லை.”

அயோத்தியாப்பட்டணத்தில் காரை விற்றவர் ஒரு வெள்ளைத் தாளில் இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கீழே ஆவணி முதல் வெள்ளி என்று தமிழ் மாதத்தில் தேதி போட்டிருந்தார். அந்தப் பழக்கம் எனக்கும் உண்டு என்பதால் தாளைப் பார்த்தவுடன் பிடித்துப் போயிற்று, வாங்கிப் பத்திரப்படுத்தினேன். நான்கு வாக்கியங்களில் மூன்று உண்மை. மூன்றாவது வாக்கியம் தவறு என்று தெரிய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதற்குள் அந்த வாக்கியத்தை நம்பிக் காரின் தரையில் ஓட்டை போட இருந்தோம்.

காரை வாங்கியது என் அக்கா. சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்தியவர். மாமா இருந்தவரை இருவரும் சேர்ந்தும், அதன் பிறகு தனியாகவும் நடத்தினார். எந்த லாரி எந்தச் சரக்கோடு எந்த ஊரில் நிற்கிறது என்று போனை எடுக்காமலே சொல்லுவார். டிரைவர்கள் அவருக்குப் பயப்படுவார்கள், சம்பளத்துக்கும் கல்யாணத்துக்கும் அவரிடமே வந்து நிற்பார்கள். நாட்டின் நான்கு மூலைக்கும் வண்டிகளை அனுப்பிவைத்த அவர் ஒரு வண்டியையும் ஓட்டியதில்லை. சிறுவயதில் கிணற்றுப் படியில் விழுந்ததில் இடது முழங்கால் மடங்காமல் நின்றுவிட்டது. கிளட்ச் மிதிக்க மடங்குகிற கால் வேண்டும்.

அவர் ஆசைக்கு ஒரு தொடக்கம் இருக்கிறது. எங்கள் இருவருக்கும் இளவயதாக இருந்தபோது ஒரு மில் முதலாளி ஏதோ சரக்கு விஷயமாக ஆபீசுக்கு வந்தார். வந்தது நீல நிற வெளிநாட்டுக் கார். முதலாளி உள்ளே பேசிக்கொண்டிருக்க, அக்கா ஜன்னல் வழியாக டிரைவரைப் பார்த்தார். அந்த ஆள் இடது காலைச் சம்மணமாக மடித்து இருக்கையின் மேல் வைத்துக்கொண்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். முதலாளி ஏறியதும் அப்படியே உட்கார்ந்தபடி காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அக்கா தெருவரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

“அவன் அந்தக் காலக் கீழயே எறக்கல தம்பி.”

இப்போது வாங்கியது அந்த நீலக் கார் இல்லை, அதே வகையில், கிளட்ச் பெடலே இல்லாத வெண்ணெய் நிறக் கார். புதிய ஆட்டோமேட்டிக் கார்கள் தெருவுக்குத் தெரு நிற்கிற காலத்தில் இது எதற்கு என்று எல்லாரும் கேட்டார்கள். அக்கா சேலத்தில் ஒரு டிரைவிங் பள்ளியில் அப்படிப்பட்ட புதிய காரில்தான் பழகி லைசென்ஸ் எடுத்திருந்தார். “புதுசுல ஒரு கொறையுமில்ல. எனக்கு இதுதான் வேணும்” என்பதற்கு மேல் யாருக்கும் விளக்கம் கிடைக்கவில்லை. கியர் பெட்டி போய்விட்டது என்று தெரிந்தேதான் வாங்கினார். ஊரெல்லாம் பட்டறை இருக்கும்போது ஒரு பெட்டியைச் சரி செய்ய முடியாதா என்பது அவர் கணக்கு.

கார் ஒரு ரெக்கவரி வண்டியின் முதுகில் சங்ககிரிக்கு வந்தது. வீட்டு முன் இறக்கிக் கழுவி, சந்தனம் பூசி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அக்காதான் ஸ்டீயரிங் முன் உட்கார்ந்தார். எங்கள் பக்கத்து லாரி கியர் பெட்டிகளில் பாதிக்கு மேல் பிரித்துப் பூட்டியவர் என்று பெயரெடுத்த ஒரு மேஸ்திரி அன்று கூட இருந்தார். அவர் ஜன்னல் வழியாகக் கையை விட்டு கியர் தண்டை நியூட்ரலில் வைத்தார்.

“பார்க்கிங்ல வச்சு ஸ்டார்ட் பண்ணோனும்னுதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க” என்றார் அக்கா.

“அதுல வச்சா முன்னால போடறதுக்குள்ள ரிவர்ஸத் தாண்டிப் போகுதுங்கக்கா. பூசை போட்ட வண்டிக்கு மொதல்லயே அத ஏன் தொடறது. நியூட்ரல்ல எடுங்க.”

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ஒரு வண்டி வந்து பூசை போட்டால், அதன் முதல் நகர்வு முன்னோக்கி இருக்க வேண்டும். பின்னால் எடுத்தால் அந்த வண்டி வீட்டுக்கு ஆகாது. பாடி கட்டி முடித்த புது லாரியைப் பட்டறையிலிருந்து எடுக்கும் நாளில், முகம் தெருவைப் பார்க்கிற மாதிரி முந்தின நாளே திருப்பி நிறுத்திவிடுவார்கள். பட்டறை குறுகலாக இருந்தால் பக்கத்துச் சுவரை இடித்துக் கட்டியதும் உண்டு. நான் இதை மூடநம்பிக்கை என்று எழுதி முடித்துவிட மாட்டேன். முப்பது டன்னை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்குகிற தொழிலில் மனசு திடமாகப் புறப்படுவதற்கு ஒரு வழி வேண்டியிருக்கிறது.

எஞ்சின் நல்ல சத்தத்தில் பிடித்தது. அக்கா தண்டை முன்னால் போவதற்கான டி-யில் வைத்து பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். கார் நகரவில்லை. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தார். எஞ்சின் இரைந்தது, கார் கோயில் கல் மாதிரி நின்றது. கடைசியில் நாலு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். பழங்கள் நசுங்கின. அக்கா இறங்கும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மேஸ்திரியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அவர் ஆர்வத்தோடுதான் பார்த்தார். ஆயிலின் அளவைப் பார்த்தார், நிறத்தைப் பார்த்தார். டி-யிலும், அதற்குக் கீழே உள்ள இரண்டு கியர்களிலும் போட்டுப் போட்டுப் பார்த்தார். பின் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கிப் பார்த்தபோது டி-யில் அவை சோம்பேறித்தனமாக முன்னோக்கிச் சுற்றின. கீழே இறக்கினால் நின்றுவிட்டன. “ஆகாசத்துல ஓடுது, பூமியில ஓட மாட்டேங்குது” என்றார். இப்படிப்பட்ட பெட்டியைத் தான் பிரித்ததில்லை என்பதை முதல் நாளே சொல்லிவிட்டார், பாவனை எதுவும் இல்லை. கோயம்புத்தூருக்கும் பெங்களூருக்கும் போன் போட்டார். கிடைத்த பதில் எல்லாம் ஒன்றுதான்: அந்தக் காலத்துப் பெட்டிக்கு இப்போது ஆள் இல்லை, கழற்றிப் போட்டுவிட்டுச் சாதாரண கியர் பெட்டி வையுங்கள்.

ஆவணி கழிவதற்குள் அவர் ஒரு பழைய கியர் பெட்டியைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்துவிட்டார். அளவெடுத்துப் பார்த்ததில் சிறிது வேலை செய்தால் பொருந்தும் என்று தெரிந்தது. காரின் உள்ளே, பிரேக் பெடலுக்கு இடப்பக்கம், மூன்றாவது பெடல் வரவேண்டிய இடத்தில் சாக்பீசால் ஒரு வட்டம் போட்டார். திங்கட்கிழமை அந்த இடத்தில் ஓட்டை போடுவதாக ஏற்பாடு.

அக்கா சரி என்று சொல்லியிருந்தார். வேறு வழி யாரும் காட்டவில்லை. “ஓடாத வண்டிய வச்சுப் பொங்கலா வெக்கறது? போடச் சொல்லு. டிரைவர் வச்சுக்கலாம்.” இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அன்று சாயங்காலம் அவர் காரில் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அந்த வட்டத்தில் பெடல் வந்துவிட்டால் அவருக்கு உரிய இடம் பின் இருக்கை. சொந்தக் காரில் சவாரி போகிறவராக ஆகிவிடுவார்.

நான் பட்டறை வேலை தெரியாதவன். புத்தகம் படிக்கத் தெரியும். அந்தக் காரின் பழைய பழுதுபார்ப்புக் கையேடு இணையத்தில் கிடைத்தது. மங்கலாக எடுத்த பக்கங்கள், நடுவில் சில காணவில்லை. ஆட்டோமேட்டிக் பெட்டியைப் பற்றிய பகுதியைச் சில நாட்களாகப் படித்துக்கொண்டிருந்தேன். படிக்கப் படிக்க அதைச் செய்தவர்கள் மேல் மரியாதை கூடிக்கொண்டே போயிற்று. கம்ப்யூட்டர் இல்லை, ஒரு சின்ன மின்சுற்றுகூட இல்லை. எஞ்சினையும் பெட்டியையும் இணைப்பது எண்ணெய். எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளில் ஒன்றைப் போட்டால் மற்றது அந்தக் காற்றில் தானாகச் சுற்றுமே, அந்த மாதிரி. காற்றுக்குப் பதிலாக எண்ணெய். எப்போது கியர் மாறுவது என்று முடிவு செய்வதும் எண்ணெய்தான். உள்ளங்கை அகல இரும்புத் துண்டில் குடைந்த சந்து பொந்துகளில் எண்ணெய் ஓடி, எந்தப் பக்கம் அழுத்தம் கூடுகிறதோ அந்தப் பக்கத்து வால்வை நகர்த்துகிறது. ஒரு தெருவின் தண்ணீர்க் குழாய்களே கூடிப் பேசித் தங்களுக்குள் முடிவெடுத்துக்கொள்வதைப் போல இருந்தது எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலைக் காப்பிக்குப் பிறகு இதை அக்காவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். சமாதானம் சொல்லும் எண்ணம்தான், வேறொன்றும் இல்லை. அவர் காலை நீட்டி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்.

“கிளட்ச் பிளேட்டு உள்ள இருக்குதா இல்லியா?”

“இருக்குது. ஆனா அத மிதிச்சுப் பிடிக்கறதில்ல. ஆயில் பிரஷர் போயி அழுத்திப் பிடிக்குது.”

“ஆயில அனுப்பறது யாரு?”

“ஒரு பம்ப்.”

“எந்தப் பக்கம் அனுப்பறதுன்னு?”

“வால்வு.”

கீரையைக் கீழே வைத்தார்.

“ஏண்டா, பம்பு, ஆயிலு, பிரஷரு, வால்வு. இத ஏன் நாம கியர் பாக்ஸுக்காரன்கிட்டக் காட்டிட்டு இருக்கறோம்? இது ரிக்குடா.”

இந்த இடத்தை எழுதும்போதெல்லாம் எனக்கு அவர் மேல் ஒரு பெருமை வருகிறது. நான் பல நாள் படித்தும் எனக்குத் தோன்றாதது அது. திருச்செங்கோட்டுப் பக்கம் வீட்டுக்கு வீடு போர்வெல் ரிக் வண்டிகள். பூமியைத் துளைக்கிற அந்தக் கோபுரத்தைத் தூக்குவது, இறக்குவது, குழாயைத் திருகுவது எல்லாம் எண்ணெய் அழுத்தத்தில். அந்த வேலை தெரிந்தவர்கள் எங்களுக்கு அரை மணி தூரத்தில் ஒரு ஊரளவு இருக்கிறார்கள். காரைப் பார்த்து லாரியை நினைத்தோம், அதனால் அவர்கள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அக்கா தன் புக்கிங் ஆபீஸ் காலத்து எண்களைத் தேடி ஒருவருக்குப் போன் போட்டார். ரிக்குகளின் ஹைட்ராலிக் பம்பும் வால்வும் பழுது பார்க்கிற பட்டறைக்காரர்.

“ஏனுங்க, ஒரு சின்ன ரிக்கு இருக்குது. நாலு சக்கரம், தொளை போடாது. வந்து பாக்கறீங்களா?”

அவர் மத்தியானத்துக்கு முன்பே வந்துவிட்டார். பருத்த உடம்பு, பெரிய குரல், தன் திறமையில் தனக்கே ஒளிவுமறைவில்லாத மகிழ்ச்சி. காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மேஸ்திரியும் தன் வேலை பறிபோகிறதோ என்ற சந்தேகத்தோடு வந்து நின்றார்.

“ரிக்குக்காரரே, ஆழ்துளை எத்தன அடி போடப் போறீங்க?” என்றார் மேஸ்திரி.

“நீங்க போட இருந்த தொளைய நிறுத்தத்தானுங்க வந்தேன்” என்றார் இவர், சாக்பீஸ் வட்டத்தைக் காட்டி. பிறகு நேராகக் கேட்டார். “டி-யில போகல. செரி. ரிவர்ஸ்ல எப்படிப் போகுது?”

மேஸ்திரி அக்காவைப் பார்த்தார்.

“போகுதா, போகலியா?”

“பாக்கலீங்க” என்றார் மேஸ்திரி.

“என்னங்க சொல்றீங்க. ஒரு மாசமா வண்டி நிக்குது.”

“முன்னாலயே போகாத பூசை வண்டிய எப்படிங்க பின்னால எடுக்கறது? நீங்க உங்க புது ரிக்க எடுப்பீங்களா?”

ரிக்குக்காரரும் எடுக்க மாட்டார். அக்கா நடுவில் புகுந்தார்.

“அதான் பூசையன்னிக்கே தள்ளிப் பழம் நசுங்கிருச்சே. முன்னால போனதாத்தான் கணக்கு.”

“தள்ளுனது சேராதுங்கக்கா. வண்டி தானாப் போகோணும்.”

“தள்ளி ஸ்டார்ட் பண்ணியே கல்கத்தா போயிட்டு வந்த லாரியெல்லாம் என்ற ஆபீஸ்ல இருந்துச்சு. அதெல்லாம் சேரும், இது மட்டும் சேராதா?”

“அது வேறீங்கக்கா.”

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஸ்டார்ட் செய்வது எப்போதும் நியூட்ரலில், அதிலிருந்து டி. எஞ்சின் ஓடும்போது தண்டு ரிவர்ஸ் பக்கமே போனதில்லை. விற்றவர் வார்த்தையை நம்பி மொத்தப் பெட்டியும் போய்விட்டது என்றோம், பாதியைச் சோதிக்காமலே.

ரிக்குக்காரர் கொஞ்ச நேரம் தாடையைத் தேய்த்தார். அவர் சொன்ன வழியை நான் இன்றும் ரசிக்கிறேன்.

“பின் சக்கரத்த ரெண்டும் ஒசக்கத் தூக்கிருங்க. கட்ட வச்சு நிறுத்துங்க. சக்கரந்தான் சுத்தும், வண்டி நகராது. நகராத வண்டிய பின்னால போச்சுன்னு எந்தச் சாமி சொல்லும்?”

மேஸ்திரி யோசித்தார். வட்டமாக நின்ற எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தோம். “இது சேருமுங்க” என்று ஒப்புக்கொண்டார். ஜாக்கியை எடுத்து வந்தவரும் அவரே.

முதலில் டி. சக்கரங்கள் பழையபடி சோம்பலாகச் சுற்றின. உள்ளே உட்கார்ந்திருந்த ரிக்குக்காரர் பிரேக்கை லேசாகத் தொட்டார். சக்கரங்கள் நின்றன, எஞ்சின் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “கேட்டீங்களா? எஞ்சினுக்குச் சேதியே தெரியல. இது சும்மா எண்ணெய் ஒட்டிக்கிட்டுச் சுத்தறது.” பிறகு ரிவர்ஸ். தண்டு அந்த எழுத்தில் விழுந்ததும் கார் முழுவதும் ஒரு முறை குலுங்கியது. சக்கரங்கள் பின்னோக்கி வேகமாகச் சுற்றின. பிரேக்கை மிதித்தபோது எஞ்சின் முனகி அமுங்கியது, விட்டதும் மறுபடி எழுந்தது. சுமை இழுக்கிற எஞ்சினின் சத்தம் அது. லாரி ஊரில் அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மேஸ்திரிதான் முதலில் பேசினார். “மாடு உசுரோடதான் இருக்குது.”

“பம்பு ஒன்னுதானுங்க. அதே பம்புதான் ரெண்டு பக்கத்துக்கும் ஆயில் அனுப்புது” என்றார் ரிக்குக்காரர். “பின்பக்கம் இந்த வேகத்துல புடிக்குதுன்னா பம்பு நல்லாருக்குது. எஞ்சின் பக்கம் நல்லாருக்குது. முன்பக்கத்து லைன்ல மட்டும் எங்கியோ அடைப்பு, இல்லாட்டி ஒழுக்கு. பெட்டியக் கழட்டவே வேண்டாம். அடித்தட்ட எறக்கிப் பாத்துக்கலாம்.”

அக்கா காருக்குள் குனிந்து, முந்தானையால் சாக்பீஸ் வட்டத்தைத் துடைத்தார்.

அடுத்த வாரம் முழுக்க வேலை நடந்தது. நான் அன்றன்று எழுதிவைக்கும் குறிப்பில் அடித்தட்டை இறக்கியது புதன் என்று இருக்கிறது, அக்கா வியாழன் என்கிறார். அன்று அமாவாசை, தன் பட்டறையில் பூசை முடிந்து சுண்டல் வந்தது என்று மேஸ்திரியும் சொல்வதால் காலண்டரைப் பார்த்துப் புதன் என்றே வைத்துக்கொள்கிறேன்.

எண்ணெயை முகர்ந்து பார்த்து, கருகல் வாடை இல்லை என்று ரிக்குக்காரர் திருப்திப்பட்டார். கருகியிருந்தால் பிளேட்டுகள் எரிந்துபோயிருக்கும். பிறகு அந்த வால்வுத் துண்டை இறக்கி ஒரு மேசை மேல் வைத்தார். கையேட்டில் மங்கலாகப் பார்த்ததை நேரில் பார்த்தேன். எறும்புப் புற்றை நெடுக்காக வெட்டிய மாதிரி வளைந்து வளைந்து ஓடும் வாய்க்கால்கள், அவற்றுக்கு நடுவே பென்சில் கனத்தில் வழுவழுப்பான உருளைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருள்வில். மேஸ்திரி ஓர் அட்டையில் அதன் உருவத்தை வரைந்தார். கழற்றுகிற ஒவ்வொரு திருகையும், பட்டாணி அளவு இரும்புக் குண்டுகளையும் அட்டையில் அதனதன் இடத்திலேயே துளையிட்டுப் பதித்து வைத்தார். கியர் பெட்டிகளில் அவர் பல வருடமாகச் செய்துவருகிற முறை அது. ரிக்குக்காரர் வேலையை நிறுத்தி அதைப் பார்த்தார். “இது எனக்குத் தோணலீங்க. நான் போட்டோ எடுத்துட்டுப் பொறவு முழிப்பேன்” என்றார்.

மேஸ்திரி துடைப்பதற்கு ஒரு கை பனியன் வேஸ்ட்டை எடுத்தார். திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சும் துணி, எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் கை துடைப்பது முதல் எஞ்சின் துடைப்பது வரை எல்லாவற்றுக்கும் அதுதான்.

“அதக் கிட்டயே கொண்டாராதீங்க” என்றார் ரிக்குக்காரர். “நூல் விடும். அந்தச் சந்துக்குள்ள ஒரு நூல் போச்சுன்னா போதும்.”

ஒவ்வொரு உருளையையும் விரல் நுனியால் அழுத்தினார். அழுத்தியதும் உள்ளே போய், விட்டதும் வில்லின் வேகத்தில் திரும்பி வந்தது. ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. முன்னோக்கு வழியில் இருந்த ஒன்று மட்டும் அசையவில்லை. பித்தளைக் குச்சியால் மெதுவாகத் தட்டித் தட்டி வெளியே எடுத்தார். உருளையின் கழுத்தில் எண்ணெயில் ஊறி இறுகிய ஒரு சின்ன முடிச்சு சுற்றியிருந்தது. ஊசியால் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தார். நூல். ரோஸ் நிற நூல்.

எல்லாரும் மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தோம்.

“எங்க பட்டறையில வெள்ள வேஸ்ட்டுதானுங்க வாங்கறோம்” என்றார் அவர், முகம் மாறாமல். அக்கா சிரித்துவிட்டார். அந்த மாதத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். எப்போதோ, எந்த ஊரிலோ யாரோ ஒருவர் இந்தத் தட்டை இறக்கி நன்றாகத் துடைத்து மாட்டியிருக்கிறார். சுத்தமாக வேலை செய்ய வேண்டும் என்று நினைத்த ஆள்தான்.

மண்ணெண்ணெயில் கழுவி, காற்றடித்து, ரப்பர் வளையங்களை மாற்றி மறுபடி பூட்டினார்கள். புது ஆயில் ரத்தச் சிவப்பில் இருந்தது. லாரி கியர் பெட்டி மாதிரி எஞ்சினை நிறுத்தி அளவு பார்க்கப் போன மேஸ்திரியிடம், எஞ்சின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் இதற்கு அளவு பார்க்க வேண்டும் என்று கையேட்டிலிருந்து படித்துச் சொன்னேன். இந்த விவகாரத்தில் என் பங்களிப்பு அது ஒன்றே.

சனிக்கிழமை காலை புதிதாக நான்கு எலுமிச்சம்பழம் வந்தது. மேஸ்திரி வாங்கி வந்தார். பழத்தை வைத்துவிட்டு, பழக்க தோஷத்தில், டிரைவர் இருக்கையின் கதவைத் திறந்து ஏறப் போனார்.

“எங்க ஏறுற?” என்றார் அக்கா.

“ஒரு சுத்துப் பாத்துட்டுத் தாரேனுங்கக்கா. ஏதாச்சும் ஒன்னுன்னா.”

“ஏதாச்சும் ஒன்னுன்னா நான் பாத்துக்கறேன். அக்கட்டப் போயி உக்காரு.”

மேஸ்திரி மறுபக்கம் போய் ஏறினார். அக்கா முதலில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் இடது காலைத் தூக்கி உள்ளே வைத்தார். அது நீட்டிக்கொள்ள அந்தக் காரில் தாராளமாக இடம் இருந்தது. மூன்றாவது பெடல் இருந்திருந்தால் அந்தக் கால் போய் மோதுகிற இடம் அது. தண்டை நியூட்ரலில் வைத்துச் சாவியைத் திருப்பினார். பிரேக்கில் கால். டி. நான் வெளியே முன் சக்கரத்தின் அருகே நின்றிருந்தேன். கார் ஒரு மெல்லிய அசைவு அசைந்தது, தூங்குகிறவரை யாரோ தோளில் தொட்ட மாதிரி. அக்கா அதை உணர்ந்ததை அவர் முகத்தில் பார்த்தேன். காலை எடுத்தார். ஆக்சிலரேட்டரைத் தொடவே இல்லை. கார் தானாக, மனிதன் நடக்கிற வேகத்தில், முன்னால் வந்தது. பழங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நசுங்கின. ரிக்குக்காரர் “போங்க, போங்க, அது கூட்டிட்டுப் போகும்” என்று சொல்லிக்கொண்டே கூட நடந்தார்.

தெருமுனையில் திரும்பிச் சாலைக்குப் போய்விட்டார்கள். அரை மணி கழித்து வந்தபோது மேஸ்திரியின் கை கதவுப் பிடியில் இறுகியிருந்தது.

“என்னங்க, எப்படி ஓட்டறாங்க?” என்று கேட்டேன்.

“வண்டி அருமைங்க சார். ரெண்டுல இருந்து மூனு போறது காதுல கேட்டாத்தான் தெரியுது.” கொஞ்சம் யோசித்தார். “அக்காதான், ஆபீஸ்ல இருக்கற நெனப்புலயே ஓட்டறாங்க. எதுக்க வர்ற லாரிய ஒதுங்குன்னு கையக் காட்டறாங்க. அவனுங்களும் ஒதுங்கறானுங்க.”

அதன் பிறகு அக்கா தினமும் ஓட்டினார். முதலில் மேஸ்திரி பக்கத்தில், பிறகு நான் பக்கத்தில். ஓட்டும்போது பேச மாட்டார். ஒரே ஒரு முறை, சமதரையில் கார் மேல் கியருக்குப் போய் எஞ்சின் சத்தம் இறங்கிய கணத்தில், “யாரோ நமக்காக யோசிச்சுட்டே வர்ற மாதிரி இருக்குது” என்றார்.

புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை விடிந்து நான் அவர் வீட்டுக்குப் போனபோது காரும் இல்லை, அவரும் இல்லை. செல்போன் சாப்பாட்டு மேசை மேல் இருந்தது. மேஸ்திரிக்குப் போன் செய்தேன், அவரும் கூடப் போகவில்லை. வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். உச்சி வெயில் ஏறுகிற நேரத்தில் கார் வந்து, அலுங்காமல் தன் இடத்தில் நின்றது. கண்ணாடி முழுக்கப் பூச்சிகள் அடித்திருந்தன.

“எங்க போனீங்க?”

“மேட்டூர். எடப்பாடி வழியாப் போயி, டேமப் பாத்துட்டு வாரேன்.”

“தனியாவா?”

“வண்டி இருந்துச்சே.”

“மேட்டூர் போயிட்டு மீன் வாங்காமயா வந்தீங்க?”

“பொரட்டாசிச் சனிக்கெழமை மீனாடா. கம்முனு எந்திரிச்சு வா, சோறு போடறேன்.”

இதை என் குறிப்பில் எழுத வேண்டி, மறுநாள் விசாரித்தேன். காரின் கிலோமீட்டர் எண்கள் ஓடுவதில்லை. பெட்ரோல் முள் எவ்வளவு போட்டாலும் பாதியிலேயே நிற்கிறது. அந்த வழியில் சுங்கச்சாவடி இல்லாததால் ரசீதும் இல்லை. எடப்பாடி பேருந்து நிலையம் பக்கம் காலையில் வெண்ணெய் நிறக் கார் ஒன்றைப் பார்த்ததாகவும், ஓட்டிய அம்மா தன்னைப் பார்த்து ஒதுங்கச் சொல்லிக் கை காட்டியதாகவும் எங்கள் பழைய லாரி டிரைவர் ஒருவர் சொன்னார். ஆகவே எடப்பாடி வரை அவர் தனியாக ஓட்டிச் சென்றது உறுதி. அங்கிருந்து மேட்டூர் வரையிலும், திரும்பி வந்ததிலும் அக்காவின் வார்த்தையைத் தவிர வேறு ஆதாரம் இதுவரை கிடைக்கவில்லை. அந்தப் பகுதி சரிபார்க்கப்படாமல் இருக்கிறது.